விலகிப் போனவர்கள் சங்கத்தை வெளியே விமர்சிக்கிறார்கள், உள்ளே இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

இரவுப்பறவை:

நான் ஒரு வானியல் ஆர்வலர் சங்கத்தில் துணைச் செயலாளர். சம்பளம் வாங்குபவர் என்று எங்களிடம் ஒருவர்கூட இல்லை. ஆண்டுச் சந்தா, எப்போதாவது வரும் நன்கொடை, அதில் வாங்கிய இரண்டு தொலைநோக்கிகள், மாதம் ஒரு கூட்டம், நிலா இல்லாத இரவுகளில் வெளிச்சம் குறைவான இடத்துக்குப் போய் வானம் பார்ப்பது, மாணவர்களுக்கு முகாம். இவ்வளவுதான் சங்கம்.

விலகிப்போன நான்கு பேர் சேர்ந்து ஒரு நீண்ட பதிவு எழுதிப் பொதுவில் போட்டிருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கை யாரிடமும் காட்டுவதில்லை, பெரிய தொலைநோக்கி தலைவர் வீட்டிலேயே இருக்கிறது, அவர் வராத இரவில் யாருக்கும் கிடைப்பதில்லை, பல வருடமாக அதே மூன்று பேர்தான் பொறுப்பில், பொருளாளர் தலைவரின் மைத்துனர், கேள்வி கேட்டவரை வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள், நன்கொடைப் பணத்தைத் தின்றுவிட்டார்கள். இப்படிப் போகிறது பதிவு. கடைசிக் குற்றச்சாட்டு நிச்சயமாகப் பொய். அந்த நன்கொடையில் சின்னத் தொலைநோக்கிக்குக் கண்ணருகு வில்லைகள் வாங்கினோம், பில் என் கையில் இருக்கிறது. மற்றவை எல்லாம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

செயற்குழு கூடியது. ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார், இன்னொருவர் கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கிவிடும் என்றார், தலைவர் "நாம் ஒரு குடும்பம், வெளியே போனவர்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது, காட்டமாக ஒரு மறுப்பு எழுதுங்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் நகரவில்லை. இந்தச் சங்கம் இல்லையென்றால் சனிக்கோளின் வளையத்தை நான் நேரில் பார்த்திருக்கவே மாட்டேன், அதனால் இது உடைந்துவிடக் கூடாது என்ற பதைப்பும் இருக்கிறது. இப்படி ஒரு நிலையை உள்ளிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்புத்தகம்:

மறுப்பை ஒதுக்கி வையுங்கள். முதலில் கணக்கு.

இதுபோன்ற சங்கங்களில் பொருளாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், பணம் திருடப்படுவதைவிடப் பணத்துக்குக் காகிதம் இல்லாமல் போவதுதான் மிக அதிகம். முகாம் கட்டணத்தை ரொக்கமாக வாங்குவார்கள், அதிலிருந்தே வேன் வாடகையைக் கொடுப்பார்கள், மிஞ்சியதை ஒரு கவரில் போட்டு மேலே பென்சிலால் "முகாம் மீதி" என்று எழுதி அலமாரியில் வைப்பார்கள். அடுத்த முகாமுக்கு அந்தக் கவரிலிருந்தே எடுப்பார்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது கேட்டால் அந்தக் கவரில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று யாருக்குமே தெரியாது. எடுத்தவர் நேர்மையானவராகவே இருப்பார், ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நேர்மையான கவரும் திருட்டுக் கவரும் ஒரே மாதிரிதான் தெரியும், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு பக்கம் போதும். ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பு எவ்வளவு, வங்கி இருப்பு எவ்வளவு, சந்தா வரவு, நன்கொடை வரவு, முகாம் வரவு, பிறகு செலவுகள் தலைப்பு வாரியாக, கடைசியில் இருப்பு. அந்தக் கடைசி எண் வங்கிக் கணக்கு அறிக்கையோடும் கையில் உள்ள ரொக்கத்தோடும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசம் இவ்வளவு, அதற்கு ரசீது கிடைக்கவில்லை என்று அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். இழுத்துப்பிடித்துச் சரிக்கட்ட வேண்டாம், சரிக்கட்டிய கணக்கைப் பழைய உறுப்பினர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். செயற்குழுவில் இல்லாத ஒரு உறுப்பினரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். மைத்துனர் பொருளாளராக இருக்கும்போது இது கட்டாயம், அவரைச் சந்தேகப்பட்டு அல்ல, அவருடைய பெயரைக் காப்பாற்றத்தான்.

இன்னொன்று, சந்தா யாருடைய கணக்குக்குப் போகிறது? சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, இல்லை ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்குகிறீர்களா? சொந்தக் கணக்கு என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் மாற்றுங்கள்.

---

பழைய செயலாளர்:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிப்பட்ட சங்கத்தை நடத்துகிறவர்களின் பக்கம் நின்று பேச யாருமே வருவதில்லை. கூட்டத்துக்கு இடம் கேட்டுக் கடிதம் கொடுப்பது யார், இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு பனியில் நனைந்த தொலைநோக்கிக் குழாயைத் துடைத்து வண்டியில் ஏற்றுவது யார், அதன் கண்ணாடியின் சீரமைவு போய்விட்டால் அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுச் சரிசெய்வது யார்? அதே மூன்று பேராகத்தான் இருக்கும். "பல வருடமாக அதே மூன்று பேர்" என்று எழுதுகிறவர்கள், பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா இல்லையா என்று முதலில் கேளுங்கள். சந்தா கட்டிவிட்டால் தான் வாடிக்கையாளர், மற்றவர் எல்லாம் தனக்குச் சேவை செய்ய வேண்டியவர்கள் என்று நினைக்கும் உறுப்பினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஒரு கடிதம், ஒரு வருடம் உழைத்தவரை ஒரே இரவில் வீட்டுக்கு அனுப்பிவிடும், அதற்குப் பிறகு அந்த வேலையைச் செய்ய ஆளே இருக்காது.

"பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்பது சின்ன வார்த்தை இல்லை. பில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அதை மென்று விழுங்காமல் நேராக, இது பொய் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் பணிவாக ஏற்றுக்கொள்கிறோம் என்ற தொனியில் எழுதினால் அந்தப் பொய்யையும் ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆகும்.

---

தெற்குவாசல்:

பழைய செயலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் போகிற வழியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "இவர்கள் என்ன வேலை செய்தார்கள்" என்ற கேள்வியில் இறங்கிவிட்டால், சொன்னது உண்மையா என்று பார்ப்பதை விட்டுவிட்டுச் சொன்னவர் யார் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

நானும் ஒரு தன்னார்வ அமைப்பிலிருந்து விலகியவள். வேறு துறை, வேறு ஆட்கள், ஆனால் கதை கிட்டத்தட்ட இதேதான். வெளியே வந்த பிறகு எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "உள்ளே இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே?" சொன்னேன். தனியாகச் சொன்னபோது "சரி, பார்க்கலாம்" என்றார்கள், கூட்டத்தில் எழுந்து சொன்னபோது "இது இடமில்லை" என்றார்கள், குழுவில் எழுதியபோது யாரும் பதில் போடவில்லை, அடுத்த செய்தியாக ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்து விழுந்தது, அதோடு நான் எழுதியது மேலே போய்விட்டது. அப்புறம்தான் விலகினேன். விலகியவர் வெளியே பேசுகிறார் என்றால், பெரும்பாலும் அவர் உள்ளே பேசி முடித்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு அந்த யோசனை வந்தது நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்தபோது. வடக்கே விளையும் நிலக்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் இருந்தது, லாரிகளும் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் ரயில்வே திருந்த வேண்டும் இல்லையா? திருந்தவில்லை. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட, சத்தம் போட்டிருக்கக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். அவர்கள் போனதும் ரயில்வேக்கு நெருக்கடியும் போய்விட்டது. மோசமான அமைப்பிலிருந்து அக்கறை அதிகம் உள்ளவர் முதலில் வெளியேறுவார், வெளியேறியதால் அமைப்பு இன்னும் மோசமாகும் என்பது அவர் கண்டது. உங்கள் சங்கத்திலும் நால்வர் போன பிறகு கூட்டங்கள் "சுமுகமாக" நடக்கின்றன என்று யாராவது சொல்லியிருப்பார்களே?

இரவுப்பறவை, அந்த நால்வரும் சங்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? பழைய செயலாளர் கேட்ட அதே கேள்விதான், ஆனால் நான் கேட்கும் காரணம் வேறு.

---

இரவுப்பறவை:

எல்லோருக்கும் நன்றி.

தெற்குவாசல், உங்கள் கேள்விக்குப் பதில்: நால்வரில் இருவர் மாணவர் முகாம்களை முழுக்க நடத்தியவர்கள். அவர்கள் போனதிலிருந்து முகாமே நடக்கவில்லை. மூன்றாமவர் சும்மா சந்தா கட்டி வந்துபோனவர். நான்காமவர் துணைத் தலைவர் பொறுப்புக்கு நின்று தோற்றவர், தலைவர் இவரைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகிறார்.

உங்களுக்கு எழுதுவதற்காக மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முகாம் நடத்தியவர்களில் ஒருவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். தலைவர் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார். மினிட்ஸில் அந்தக் கேள்வியே இல்லை. "உறுப்பினர்களின் கருத்துகள் கேட்கப்பட்டன, கூட்டம் நன்றியுரையுடன் நிறைவுற்றது" என்று இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் கணக்கு இல்லை. இதைப் பார்த்த பிறகு, நால்வரும் சங்கத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்று எப்படி எழுதுவது?

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் முகாம் பணம் ரொக்கம். கவர் இருக்கிறது. கணக்குப்புத்தகம் சொன்னதுபோலவே.

---

நடுவரிசை:

வக்கீல் நோட்டீஸ் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 2003இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை அரிப்பைப் பதிவுசெய்வதற்காக எடுத்த ஆயிரக்கணக்கான வான்படங்களில் ஒன்றில் தன் வீடு தெரிகிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்கு முன்னால் அந்தப் படத்தைத் தரவிறக்கியிருந்தவை மொத்தம் 6 தடவை, அதிலும் 2 அவருடைய வக்கீல்களே. வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்கு வந்தார்கள், வழக்கும் தள்ளுபடியானது. நால்வர் எழுதிய பதிவை இதுவரை எத்தனை பேர் முழுதாகப் படித்திருப்பார்கள்? நோட்டீஸ் போனால் எல்லோரும் படிப்பார்கள். அதைவிட முக்கியம், கணக்கு கேட்ட உறுப்பினருக்கு வக்கீல் மூலம் பதில் அனுப்பும் சங்கம் என்ற பெயர் அதோடு நிலைத்துவிடும், அதை எந்த முகாம் நடத்தியும் துடைக்க முடியாது.

அடுத்தது "நாம் ஒரு குடும்பம்" என்பது. அன்பாகச் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சந்தா வாங்கும் இடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. 1970இல் அமெரிக்கப் பெண்விடுதலைக் குழுக்களைப் பார்த்து ஜோ ஃப்ரீமன் சொன்னது இந்த விஷயத்தின் மையம். விதியும் பொறுப்பும் வேண்டாம், நாம் எல்லோரும் சமம் என்று சொல்லும் குழுவிலும் ஓர் அமைப்பு இருக்கத்தான் செய்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத அமைப்பு, நண்பர்களுக்குள் நடக்கும் அமைப்பு. எழுதப்படாத விதியை யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது என்பதால் அது எழுதிய விதியைவிடக் கடுமையானது. பெரிய தொலைநோக்கி யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதற்கு உங்களிடம் விதி இல்லை என்று நினைக்கிறீர்கள், ஆனால் இருக்கிறது: தலைவருக்கு மனம் இருந்தால் கிடைக்கும்.

தன்னார்வலர்களை மட்டும் வைத்துப் பெரிய வேலை செய்த அமைப்புகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பாருங்கள். 1993இல் தொடங்கிய டெபியன் மென்பொருள் திட்டம் 1998இல் தனக்கென்று ஓர் அரசியலமைப்பே எழுதிக்கொண்டது. தலைவரின் பதவிக்காலம் ஒரே ஒரு வருடம், ஒவ்வொரு வருடமும் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும், "மேலே உள்ள யாரும் வேண்டாம்" என்பதும் வாக்குச்சீட்டில் ஒரு தேர்வு. அங்கே சண்டை இல்லையா என்றால் நிறைய இருக்கிறது, ஆட்கள் விலகியும் போயிருக்கிறார்கள், ஆனால் சண்டை போட ஒரு வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பைதான் நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் 2018இல் ஒரு கடுமையான விவாதத்துக்குப் பிறகு முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பிறகு வந்தது தேர்ந்தெடுக்கப்படும் ஐவர் குழு. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. யாரும் கெட்டவர் என்பதால் வைத்த விதி அல்ல அது. தலைவரும் மைத்துனரும் சேர்ந்து இருக்கும் உங்கள் செயற்குழுவுக்கு இப்படி ஒரு வரி போதும்: ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் தலைவராகவும் பொருளாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது.

வாட்ஸ்ஆப் குழு விஷயம் சின்னது மாதிரி தெரியும், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சந்தா கட்டிய உறுப்பினரை யாரோ ஒரு அட்மின் விரலால் வெளியேற்றலாம் என்றால் அங்கே உறுப்பினர் என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர் பதில் சொல்ல வாய்ப்பும் கொடுத்து, செயற்குழு தீர்மானம் போட்டுத்தான் நீக்க வேண்டும்.

---

பழைய செயலாளர்:

மினிட்ஸில் கேள்வியைப் பதியாமல் விட்டது பெரிய தவறு. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். கேள்வி எழுந்ததும் அதற்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும், செயலாளரின் முதல் வேலையே அது.

ஆனால் இரண்டு விஷயத்தில் நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். தேர்தலில் தோற்றவர் சேர்ந்திருக்கிறார் என்பதற்காக நால்வரையும் ஒதுக்காதீர்கள், அதேபோல முகாம் நடத்தியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதற்காக பதிவில் உள்ள பொய்யையும் விட்டுவிடாதீர்கள். பில்லைப் போடுங்கள், அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, தலைவரை ஒரே நாளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பெரிய தொலைநோக்கி அவர் வீட்டில் இருப்பதற்கு வைக்க வேறு இடமில்லாமல் இருந்ததும் காரணமாக இருக்கலாம், அந்த எடையைத் தூக்கிப்போக அவரிடம் மட்டுமே வண்டி இருந்திருக்கலாம். பழக்கம் உரிமையாக மாறுவது யாருக்கும் தெரியாமலே நடக்கும். அவரிடம் ஒரு பதிவேடு கொண்டுபோய்க் கொடுங்கள்: யார் எடுத்தார், எந்தத் தேதி, எப்போது திருப்பினார், எந்த நிலையில் இருந்தது. முதல் வரியில் அவர் பெயரையே எழுதச் சொல்லுங்கள். மறுக்கிறாரா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

---

தெற்குவாசல்:

பதில் எழுதுவதைப் பற்றி. விலகியவள் என்ற முறையில் எனக்கு என்ன வந்திருந்தால் நான் அமைதியாகியிருப்பேன் என்று யோசித்தேன். "தங்கள் கருத்துகளை மதிக்கிறோம்" என்ற கடிதம் வந்திருந்தால் இன்னும் கோபம்தான் வந்திருக்கும். எனக்குத் தேவைப்பட்டது, நான் கேட்ட கேள்வியைக் கேட்டேன் என்று யாராவது ஒப்புக்கொள்வது. அந்த வரி மட்டும் வந்திருந்தால் போதும்.

ஆகவே பொதுவில் போடும் முன் நால்வருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். "நீங்கள் பொதுக்கூட்டத்தில் கணக்கு கேட்டீர்கள், அது மினிட்ஸில் பதியப்படவில்லை, பதில் சொல்லப்படவும் இல்லை" என்று தொடங்குங்கள். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், நான் திரும்பிப் போக மாட்டேன். இது இப்போது உள்ளே இருப்பவர்களுக்காக. இந்தப் பதிவைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் உறுப்பினர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், நால்வருக்கு என்ன பதில் போகிறது என்று பார்த்துத்தான் அவர்கள் தங்கள் கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

---

கணக்குப்புத்தகம்:

கவரை நீங்கள் தனியாகத் திறக்காதீர்கள். குறைந்தது இருவர் முன்னிலையில் எண்ணி, தொகையை எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, அன்றோ மறுநாளோ வங்கியில் கட்டிவிடுங்கள். கட்டிய சீட்டைக் கணக்கோடு சேர்த்து வையுங்கள். இனி முகாம் பணத்துக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம். வேன் வாடகைக்குப் பில் தரமாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால் ஒரு வவுச்சரில் அவர் கையெழுத்தாவது வாங்குங்கள்.

---

இரவுப்பறவை:

மறுப்பு எழுத முடியாது என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார், கொஞ்சம் கோபமும் இருந்தது. இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் அவர், பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கியதே அவர் கைதான், அதனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பதிவேட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் "சரி, கொண்டு வாருங்கள்" என்றார். தேர்தலைப் பற்றியும் பொருளாளரைப் பற்றியும் பேச இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருக்கிறேன்.

கவரை இந்த ஞாயிறு மூன்று பேர் சேர்ந்து எண்ணுகிறோம். மூன்றாவது ஆளாக வரச் சொல்லி, விலகியவர்களில் முகாம் நடத்திய ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பணத்தில் அவர் வசூலித்ததும் இருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.